நாலு படம் எடுத்தும் அந்தச் சீட்டு மேஜை வரவில்லை

ஜான் பக்கன் எழுதிய 'தி தேர்ட்டி நைன் ஸ்டெப்ஸ்' நாவலின் திரை வடிவங்களில் நான்கைப் போன வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பார்த்து முடித்தேன். 1935இல் ஹிட்ச்காக் எடுத்தது, 1959இல் ரால்ப் தாமஸ், 1978இல் டான் ஷார்ப், 2008இல் பிபிசி தொலைக்காட்சி. நடுவில் நாவலையும் மறுபடி படித்தேன். சின்னப் புத்தகம், ஒரே இருப்பில் முடித்துவிடலாம். முடித்ததிலிருந்து ஒரு ஆதங்கம் மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதைத்தான் எழுதப்போகிறேன். கதையின் முடிவு வரை பேசுவேன், அதனால் படிக்காதவர்கள் முதலில் நாவலைப் படித்துவிடுங்கள்.

1914இல் பக்கன் வயிற்றுப் புண்ணோடு கென்ட் கடற்கரையில் படுத்துக் கிடந்தபோது எழுதிய கதை இது. அடுத்த ஆண்டு பிளாக்வுட்ஸ் இதழில் தொடராக வந்து, பிறகு புத்தகமானது. ஆப்பிரிக்காவின் ரொடீசியாவில் சுரங்கப் பொறியாளராகச் சம்பாதித்துவிட்டு லண்டன் வந்த ரிச்சர்ட் ஹானே, ஊர் சலித்துப்போய் உட்கார்ந்திருக்கிறான். மாடி வீட்டில் இருக்கும் ஸ்கடர் என்ற ஆள் ஒரு சதியைப் பற்றிச் சொல்லிவிட்டு ஹானேயின் வீட்டிலேயே ஒளிந்துகொள்கிறான். நாலைந்து நாளில் அங்கேயே கத்திக்குத்துப் பட்டுச் செத்துக் கிடக்கிறான். கொலைப்பழி ஹானே மீது. ஒரு பக்கம் போலீஸ், இன்னொரு பக்கம் உளவாளிகள். ஸ்காட்லாந்தின் மேய்ச்சல் மலைகளில் ஓடுகிறான். மே, ஜூன் மாதக் கதை. ஆகஸ்டில் நிஜமாகவே உலகப் போர் வந்துவிட்டது. அன்றைக்கு அதைப் படித்தவனுக்கு எப்படி இருந்திருக்கும்!

இந்த ஓட்டத்தைத்தான் எல்லோரும் படமாக்குகிறார்கள். ஓட்டம் அழகுதான், மறுக்கவில்லை. தலைக்கு மேல் ஒரு விமானம் வட்டமடித்துத் தேட, ஒளிய ஒரு மரம்கூட இல்லாத வெட்டவெளியில் ஒற்றை மனிதன் நிற்பதைப் பக்கன் 1914லேயே எழுதிவிட்டார். ஆனால் நாவலின் உயிர் அங்கே இல்லை. கடைசி அத்தியாயத்தில் இருக்கிறது.

எதிரிகள் தப்பிக்கப்போகும் இடத்தை ஹானே கண்டுபிடித்துவிட்டான். கடலுக்கு இறங்கும் முப்பத்தொன்பது படிகள், இரவு 10.17க்கு முழு ஓதம், அதாவது கடல் முழுதாக ஏறி நிற்கும் நேரம், மேலே ஒரு வீடு. போய்ப் பார்த்தால் அங்கே இருப்பவர்கள் சாதாரண ஆங்கிலேயர்கள். டென்னிஸ் ஆடுகிறார்கள், சைக்கிளில் வருகிறார்கள், ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒழுங்காக உடை மாற்றிக்கொள்கிறார்கள். வீட்டுக்குள் நுழைந்தால் கூடத்தில் டென்னிஸ் மட்டைகள், கோல்ப் மட்டைகள், கோட்டுகள். இவர்கள்தான் கொலைகாரர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். அவர்கள் பதறுகிறார்கள், ஒருவர் சிரிக்கிறார், இளைஞனுக்கு முகம் சிவக்கிறது. நிரபராதிகள் எப்படி நடந்துகொள்வார்களோ அச்சு அசல் அப்படியே. அப்புறம், குழப்பம் தீரும்வரை சும்மா இருப்பானேன், நாலாவது கைக்கு நீங்கள் வாருங்கள் என்று பிரிட்ஜ் சீட்டு ஆட உட்கார வைத்துவிடுகிறார்கள்!

சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஹானே கூசிப்போகிறான். தப்புச் செய்துவிட்டோமோ, ஒரு நல்ல குடும்பத்துக்குள் புகுந்து அசிங்கப்படுத்திவிட்டோமோ என்று உள்ளுக்குள் நடுங்குகிறான். இதற்குப் பக்கன் சொல்லும் காரணம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஹானேக்கு மேல்தட்டு மனிதர்களோடும் பழகத் தெரியும், நாடோடிகளோடும் பழகத் தெரியும். வசதியாக வாழும் நடுத்தர வர்க்கம்தான் அவனுக்குப் புரியாத உலகம். அவர்கள் வீட்டுக் கூடத்தில் அவனுக்கு நாக்கு எழவில்லை.

அப்போது அந்த மூவரில் வயதான பெரியவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்கிறார். விரல்கள் முழங்கால் மேல் லேசாகத் தட்டுகின்றன. அவ்வளவுதான். முன்பு ஸ்காட்லாந்து மலைப் பண்ணை வீட்டில், முதுகுக்குப் பின்னால் துப்பாக்கிகள் இருக்க, தான் நின்றபோது எதிரே இருந்தவன் தட்டிய அதே தட்டல் என்று ஹானேக்குப் பிடிபடுகிறது. ஒரு நொடியில் மூன்று முகங்களும் வேறாகத் தெரிகின்றன. மாறுவேடம் என்றால் பொய்த் தாடியும் மீசையும் இல்லை, அந்தச் சூழலுக்கே உரியவனாக ஆகிவிடுவதுதான் என்று ஆப்பிரிக்காவில் பழைய வேட்டைத் தோழன் பீட்டர் பீனார் சொன்னது ஹானேக்கு முன்பே நினைவுக்கு வந்திருக்கும். அந்தப் பேச்சின் முழு அர்த்தம் இங்கேதான் விளங்குகிறது.

இந்தக் காட்சி நான்கு படத்திலும் இல்லை.

ஹிட்ச்காக் படத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் அவர் காட்சியை விட்டாலும் அதன் பயத்தை விடவில்லை. நாவலில் இருப்பதில் பாதிக்கு மேல் தூக்கிப் போட்டுவிட்டார். முப்பத்தொன்பது படிகள் படிகளே இல்லை, உளவுக் கூட்டத்தின் பெயர். ஸ்கடர் இடத்தில் ஒரு பெண். ஹானேயோடு ஒரே கைவிலங்கில் மாட்டிக்கொண்டு ஓடும் கதாநாயகி நாவலில் கிடையாது. எதைக் கேட்டாலும் ஒப்பிக்கும் மிஸ்டர் மெமரியும் கிடையாது. ஆனால் பேராசிரியர் ஜோர்டன் வீட்டைப் பாருங்கள். மகளின் பிறந்தநாள், விருந்தினர்கள், கையில் ஷெரி கோப்பைகள். தேடி வந்த போலீஸைத் திருப்பி அனுப்பி ஹானேயைக் காப்பாற்றுகிறார் அந்த மனிதர். எல்லோரும் போன பிறகு ஹானே சொல்கிறான், நான் தேடும் ஆளுக்குச் சுண்டுவிரலில் ஒரு கணு இல்லை என்று. இந்த விரலா பாருங்கள் என்று பேராசிரியர் தன் வலது கையை நீட்டுகிறார். துப்பாக்கியோடு நிற்கும்போது மனைவி கதவைத் திறந்து, விருந்தாளி மதியச் சாப்பாட்டுக்கு இருப்பாரா என்று கேட்கிறாள். துப்பாக்கியைப் பார்த்தும் அவள் முகத்தில் ஒரு சலனம் இல்லை. கடைசி அத்தியாயத்தை வேறு வாசல் வழியாகக் கொண்டுவந்துவிட்டார் என்று கைதட்டத் தோன்றியது.

அதே படத்தில் இன்னொன்று. நாவலில் ஒரு மேய்ப்பன் குடிசையில் ஹானேக்குச் சாப்பாடு கிடைக்கிறது, காசு வாங்க மறுக்கிறார்கள். சில வரிகளில் முடிந்துவிடும். ஹிட்ச்காக்கும் திரைக்கதை எழுதிய சார்ல்ஸ் பென்னட்டும் அதை வைத்து ஒரு பெண்ணின் முழு வாழ்க்கையைக் காட்டிவிட்டார்கள். பெக்கி ஆஷ்கிராஃப்ட் நடித்த குடியானவன் மனைவி. வயசான, சந்தேகப் பிராணியான புருஷன். லண்டனில் பெண்கள் எப்படி இருப்பார்கள் என்று ஆசையாகக் கேட்கிறாள். செய்தித்தாளில் கொலைச் செய்தியும், பார்வைப் பரிமாற்றமும், சாப்பாட்டுக்கு முந்திய ஜெபமும் ஒரே மேஜையில் நடக்கின்றன. ராத்திரி புருஷனின் கோட்டை எடுத்துக் கொடுத்து அனுப்புகிறாள். அந்தக் கோட்டுப் பையில் இருந்த பாடல் புத்தகம்தான் பேராசிரியரின் குண்டைத் தாங்கி ஹானேயைக் காப்பாற்றுகிறது. அவளுக்குக் கிடைப்பது அடி. பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் 1999இல் வெளியிட்ட பட்டியலில் இந்தப் படத்துக்கு நான்காம் இடம் கொடுத்தார்கள். அந்தச் சில நிமிடங்களுக்கே கொடுக்கலாம்.

1959 படம் ஹிட்ச்காக் படத்துக்கு வண்ணம் அடித்தது போல இருக்கிறது. கென்னத் மோர் நல்ல நடிகர், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

1978 படம் என்னைக் கோபப்படுத்தியது. காலத்தை 1914க்கே திருப்பி எடுத்துப் போகிறார்கள், ராபர்ட் பவல் ஹானேயாக அப்படியே பொருந்துகிறார், ஸ்கடராக வரும் ஜான் மில்ஸ் பிரமாதம். இத்தனையும் கையில் வைத்துக்கொண்டு கடைசியில் ஹானேயைப் பிக் பென் கடிகார முள்ளில் தொங்க விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் அந்தப் படம் என்றால் எல்லோருக்கும் நினைவில் இருப்பது அதுதான். உயரத்தில் தொங்குவதை யார் கதையில் வேண்டுமானாலும் வைக்கலாம். சந்தேகப்பட்டவன் வெட்கப்பட்டு உட்கார்ந்திருப்பதை இந்தக் கதையில் மட்டும்தான் வைக்க முடியும்.

2008இல் பெண் வாக்குரிமைக்குப் போராடும் விக்டோரியா என்ற பாத்திரத்தைச் சேர்த்தார்கள். பெண்ணைச் சேர்த்தது தப்பே இல்லை, நாவலில் அந்தக் குறை இருக்கிறது. ஆனால் அந்தப் போராட்டத்தின் சூடு அவள் பேச்சில் இல்லை. பேச ஆரம்பித்ததுமே ஹானேயோடு செல்லச் சண்டை. ஆஷ்கிராஃப்ட் நாலு வசனத்தில் செய்ததை ஒன்றரை மணி நேரத்தில் செய்யவில்லை. முடிவோ ஸ்காட்லாந்து ஏரியில் நீர்மூழ்கிக் கப்பல்.

மனசுக்குள் நடப்பதை எப்படிப் படமாக்குவது என்று கேட்பார்கள். 1979இல் பிபிசி 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' என்ற உளவு நாவலை ஏழு பகுதியாக எடுத்தது. அலெக் கின்னஸ் கண்ணாடியைத் துடைப்பதையும், அறைக்குள் நாலு பேர் உட்கார்ந்து பேசுவதையும் நான் இமைக்காமல் பார்த்திருக்கிறேன். ஒரு சீட்டு மேஜை எந்த வகையில் குறைச்சல்? பத்து நிமிடம் போதும். விளக்கு வெளிச்சம், சீட்டுப் பிரிக்கும் சத்தம், கைகள் மட்டும். பார்க்கிற நமக்கே இவர்கள் நிரபராதிகள் என்று தோன்ற வேண்டும். ஹானே எழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடட்டும் என்று நாம் துடிக்க வேண்டும். அப்புறம்தான் அந்த விரல்கள்.

நாவலில் அதற்குப் பிறகும் ஆட்டம் உடனே நிற்பதில்லை. ஹானேக்குத் தெரிந்துவிட்டது, அவர்களுக்குத் தெரியாது, சீட்டு விழுந்துகொண்டே இருக்கிறது. மணி பத்தரை ஆகப்போகிறது, கீழே ஓதம் ஏறியாயிற்று. பெரியவர் இளைஞனைப் பார்த்து, நேரமாகிவிட்டதே, நீ ரயிலைப் பிடிக்க வேண்டாமா என்று சர்வ சாதாரணமாகக் கேட்பார். அந்த ஒரு வரியை ஒரு நல்ல நடிகர் சொல்ல நான் கேட்க வேண்டும்.