நாலரை மணிக் குழாய்

மார்கழியில் திருவாதிரையோடு முடிகிற அந்தப் பத்து நாளும் எங்கள் ஒழுங்கை முனைக் கோயிலில் விடிய 4.30க்கே ஒலிபெருக்கி தொடங்கிவிடும். நான் சாமி கும்பிடாத ஆள் இல்லை, சரியா. சின்ன வயதில் சங்கும் சேமக்கலமுமாகத் திருவெம்பாவை பாடிக்கொண்டு ஊரைச் சுற்றிய கூட்டத்தில் நானும் பனியில் நடுங்கிக்கொண்டு போனவன்தான், பாதி பக்தி, மீதி கடைசியில் கிடைக்கும் சுண்டலுக்காக. அது வாயால் பாடியது, வாசலைக் கடந்ததும் சத்தமும் கடந்து போகும். இப்போது பென்டிரைவ் பாடுகிறது, ஐயரைத் தவிரக் கேட்க ஆளில்லை, குழாய் மட்டும் சரியாக என் ஜன்னலைப் பார்த்தபடி.

இரவு பதினொன்றரை வரை கந்தோர்க் கணக்கு, காலை ஆறரைக்குக் கிளிநொச்சி பஸ். இடையில் நாலரைக்குப் பிறகு வருகிற அந்த ஒரு மணி நித்திரைதான் என் சொத்து. அம்மாவிடம் சொன்னால், "அந்தப் பாட்டே நித்திரை கொள்ளுறவையை எழுப்பத்தானே தம்பி" என்கிறார். உண்மைதான், 20 பாட்டில் முதல் எட்டும் தூங்குகிற தோழிகளை எழுப்புகிறதுதான். ஆனால் அவர்கள் வாசலில் வந்து நின்று கூப்பிட்டார்கள், மாமரத்தில் குழாய் கட்டவில்லை.

நேற்றுக் காதில் பஞ்சு வைத்துப் படுத்தேன். அலாரம் கேட்கவில்லை, பஸ் போய்விட்டது.