மிதக்கும் சேஜ் விதை எல்லாம் செத்த விதை அல்ல

விதைகளை ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொள்ளும் முன் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மிதப்பவை முளைக்காது, மூழ்குபவையே நல்லவை என்று ஒருவர் எழுதியதைப் பலரும் பகிர்ந்திருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் சேஜ் போன்ற மூலிகை விதைகளுக்கு இது சரியான சோதனை இல்லை.

விதை மிதப்பதும் மூழ்குவதும் அதன் அடர்த்தியையும், மேல்தோலில் ஒட்டியிருக்கும் காற்றையும் பொறுத்தது. உள்ளே இருக்கும் கரு உயிரோடு இருக்கிறதா என்பதை அது காட்டாது. நல்ல விதையும் மிதக்கும், பழைய விதையும் மூழ்கும். அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. சேஜ், திருநீற்றுப்பச்சை, சியா எல்லாம் புதினாக் குடும்பம். நனைந்தால் இந்த விதைகளைச் சுற்றி வழுவழுப்பான கூழ் படியும் (சப்ஜா, அதாவது திருநீற்றுப்பச்சை விதையை ஊறவைத்தவர்களுக்குத் தெரியும்). அப்புறம் அதை உலர்த்திப் பொட்டலம் கட்டினால் விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கெடவும் வாய்ப்பு அதிகம். பரிமாறிக்கொள்ளப் போகும் விதையை நனைக்காமல் இருப்பதே நல்லது.

நீங்களே சோதிக்கலாம். ஒரே பொட்டலத்திலிருந்து 20 விதைகளைத் தண்ணீரில் போட்டு, மிதப்பதையும் மூழ்குவதையும் தனித்தனி ஈரத் தாளில் பரப்பி, மூடிய டப்பாவில் 20 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பத்தில் வையுங்கள். தாள் ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது. சேஜ் கொஞ்சம் சோம்பேறி, 3 வாரம் வரை பொறுக்க வேண்டும். மிதந்தவற்றில் எத்தனை முளைத்தன என்று எண்ணிப் பாருங்கள்.