திட்டினால் இன்சுலின் போட மாட்டார்கள்
சர்க்கரை நோய்ப் பிரிவில் மனநல ஆலோசகரும் இருக்க வேண்டும் என்று கட்டுரையில் சொல்லியிருப்பது முழுக்க உண்மை. காலில் புண் வந்து ஒரு விரலை எடுத்த பிறகு அப்பா இன்சுலின் போடுவதையே விட்டுவிட்டார். போன இடத்திலெல்லாம் திட்டுதான். ஒரு நர்ஸம்மா மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, "ராத்திரி தூக்கம் வருதாப்பா?" என்று கேட்டார். அப்பா அழுதுவிட்டார். அது பிடிவாதம் இல்லை, மனச்சோர்வு என்று அன்றைக்குத்தான் எங்களுக்கே புரிந்தது.

சர்க்கரை உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 2 மடங்கு. அதைக் கண்டறிய பிஎச்கியூ-9 என்று 9 கேள்விகள் கொண்ட படிவமே இருக்கிறது, சில நிமிடம்தான் ஆகும். ரத்தப் பரிசோதனைக்கு வரும்போதே அதையும் கேட்டுவிடலாமே!

அப்புறம், வீட்டில் இப்படி யாராவது இருந்தால் 14416 எண்ணுக்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.