மூடியைக்கூடக் கழற்றாமல் "மதர்போர்ட் போயிட்டுது"

பழைய டெஸ்க்டொப் ஒன்று ஒன் ஆகவில்லை என்று கொண்டுபோனால், கொழும்பில் கிடைக்கும் முதல் பதில் இதுதான்: "மதர்போர்ட் போயிட்டுது, புதுசு வாங்குங்கோ." (எல்லாப் பாகங்களும் இணையும் பிரதான பலகைதான் மதர்போர்ட்.) பம்பலப்பிட்டியில் நான் போன கடையிலும் மூடியைக் கழற்றிப் பார்க்காமலே சொன்னார்கள். அப்பாவின் கணக்குவழக்கு முழுக்க அதற்குள் கிடக்கிறது. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

விசிறியும் சுற்றாமல் ஒரு லைட்டும் எரியாமல் கிடந்தால், வயரும் பிளக்கும் சரியென்றால், அடுத்து சந்தேகப்பட வேண்டியது உள்ளே கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை, அதாவது பவர் சப்ளையை. டெஸ்க்டொப்களில் வழக்கமாக இருக்கும் ஏடிஎக்ஸ் வகை சப்ளையைச் சோதிப்பது பெரிய வித்தை இல்லை. கரண்டை நிறுத்தி, போர்டிலிருந்து 24 பின் கனெக்டரைக் கழற்றி, அதன் பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் சின்னக் கம்பியால் இணைத்துவிட்டுக் கரண்ட் கொடுத்தால் சப்ளையின் விசிறி சுற்ற வேண்டும். சுற்றினாலும் போதாது; 12, 5, 3.3 வோல்ட் சரியாக வருகிறதா என்று மீற்றர் வைத்துப் பார்க்க வேண்டும். (சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்கக்கூடாது, பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும்.)

முன்பக்க பட்டனே பழுதாகியிருக்கலாம். போர்டில் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கும் சின்ன உருளை) தலை உப்பியிருக்கலாம். இதெல்லாம் திருத்துகிறவர்களுக்குத் தெரியாததா? தெரியும். பார்க்க மனமில்லை. நல்ல ஹார்ட் டிஸ்க்கோடு எத்தனை பெட்டிகள் இப்படியே பழைய இரும்புக்குப் போகின்றன! திருத்தக் காசு கேளுங்கள், தருகிறேன். திறந்து பார்த்துவிட்டுக் கேளுங்கள்.