தேவைப்பட்டா எழுப்புன்னுதான் சொன்னார்

சனிக்கிழமை ராத்திரி நம்ம வீடியோ கேம் குரூப்ல நடந்தது உங்க எல்லாருக்கும் தெரியும், ஸ்கிரீன்ஷாட்டை எனக்கே மூணு பேர் அனுப்பிட்டாங்க, அதனால முழுசா திரும்பச் சொல்லப்போறதில்ல. நான் போட்டது ஒரே ஒரு வரி. "ஹேலோ 3-ஓட நிறுத்தியிருக்கணும்." ஹேலோன்னா மாஸ்டர் சீஃப்ங்கற வீரனோட கதையைச் சொல்ற துப்பாக்கிச் சண்டை கேம் தொடர். அதுக்கு அந்தத் தம்பி, "அக்கா, உங்க அழுகைக்காகக் கம்பெனிக்காரன் கடைய மூடணுமா, கேம்தானே"ன்னு போட, கீழ வரிசையா வந்து சிரிச்சுட்டுப் போனாங்க. எனக்கு ஆதரவா "சரியாச் சொன்னே"ன்னு ஒருத்தர் எழுதினாரே, அவரையும் விடல. அங்க நான் பதில் சொல்லல. ரெண்டு நாளா மனசு ஆறல. அதனால இங்க எழுதறேன், நீளமாத்தான் இருக்கும்.

கடைய மூடுன்னு நான் எங்கயும் சொல்லல. பேர் இருக்கட்டும், கடை ஓடட்டும், நல்லா சம்பாதிக்கட்டும். முடிஞ்ச கதையை எழுப்பாதீங்கன்னுதான் சொல்றேன். ரெண்டும் வேற வேற. ஃபைனல் ஃபேன்டஸி 1987-லேருந்து வந்துட்டே இருக்கு, நம்பர் மாறினா பெரும்பாலும் உலகமும் ஆளும் மாறிடும், அதை யாராவது குறை சொன்னோமா? ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2010-ல ஜான் மார்ஸ்டன் கதையை எப்படி முடிச்சுதுன்னு ஆடினவங்களுக்குத் தெரியும். 2018-ல ரெண்டாவது வந்தப்ப என்ன பண்ணாங்க, அதுக்கு முந்தின காலத்துக்குப் போனாங்க, ஆர்தர் மார்கன்னு ஒரு புது ஆளைக் கொடுத்தாங்க, பழைய முடிவுமேல கையே வைக்கல, அதை ஆடிட்டுப் போய்ப் பழசைத் திரும்ப ஆடினா முன்னைவிட வலிக்குது. இப்படிப் பண்ணினா நானே காசு கொடுத்து வாங்குவேன், வாங்கியும் இருக்கேன். முன்னால போங்க, பக்கத்துல போங்க. முடிஞ்சதை மட்டும் எழுப்பாதீங்க.

சரி, ஏன் ஹேலோ 3. 2007 செப்டம்பர். நான் செகண்டரி 3, அண்ணன் என்எஸ்ல, அதாவது கட்டாய ராணுவ சேவைல இருந்தார். சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்ல மூவறை வீடு, ஹால்ல சின்ன டிவி. அவர் அலவன்ஸ்ல பாதி, என் உண்டியல்ல பாதி போட்டு வாங்கினோம். சனிக்கிழமை முகாம்லேருந்து புக் அவுட் ஆகி வருவார், ஞாயித்துக்கிழமை ராத்திரி திரும்பப் போகணும், அந்த ஒண்ணரை நாள்ல தூங்கற நேரம், அம்மாகூட தேக்கா போற நேரம் எல்லாம் போக மிச்சம்தான் எங்க கணக்கு. டிவியை ரெண்டாப் பிரிச்சு மேல்பாதி அவருக்கு, கீழ்பாதி எனக்கு. முதல் கன்ட்ரோலர் அவர்கிட்ட, அதனால அவர் மாஸ்டர் சீஃப், நான் அவர்கூட சேந்து சண்டை போடற ஆர்பிட்டர்.

கடைசி லெவல் ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி. அவர் நம்பர் ஃபோர் யூனிஃபார்ம் போட்டாச்சு, பூட்ஸ் கதவுகிட்ட, பையைக் கட்டி வச்சாச்சு. காலுக்குக் கீழ தரை துண்டு துண்டா விழுந்துட்டே இருக்கும், வார்ட்ஹாக்னு ஒரு ஜீப்பை நிறுத்தாம ஓட்டணும், நான் ஓட்டறேன், அவர் பின்னால நின்னு சுடறார், மூணு தடவை விழுந்தோம். அம்மா கிச்சன்லேருந்து "டேய் பஸ் போயிடும்டா"ன்னு கத்தறாங்க. நாலாவது தடவை அந்தக் கடைசித் தாவல் சரியா விழுந்து கப்பலுக்குள்ள போனோம். அப்புறம் தெரியும்ல, பூமிக்குத் திரும்பற விண்வெளி வாசல் மூடறப்போ கப்பல் ரெண்டாப் பிளக்குது. முன்பாதில இருந்த ஆர்பிட்டர் பூமிக்கு வந்து சேந்துடறார். பின்பாதில இருந்த மாஸ்டர் சீஃப் எங்கயோ இருட்டுல மிதக்கறார். மலைமேல நினைவுச் சின்னம், அதுல யாரோ சீஃபோட நம்பரை, 117-ன்னு கீறி வச்சிருக்காங்க, வீரர்கள் நின்னு மரியாதை செலுத்தறாங்க. அண்ணன் எழுந்து நின்னுட்டார். அவருக்கே தெரியாம நின்னிருப்பார்னு நினைக்கறேன். கடைசியா சீஃப் நீண்ட தூக்கத்துக்கான பெட்டிக்குள்ள படுத்து, தேவைப்பட்டா எழுப்புங்கறார், அவ்வளவுதான். அண்ணன் என் தலைல தட்டி, "நீ வீட்டுக்கு வந்துட்டே பாப்பா"ன்னு சொல்லிட்டுப் பூட்ஸ் போட்டுக்கிட்டுப் போயிட்டார்.

அதுக்கு மேல என்னங்க வேணும் ஒரு கதைக்கு?

இப்ப உடனே ஒருத்தர் வருவார், அவரே எழுப்பச் சொல்றாரே, லெஜண்டரிங்கற ரொம்பக் கஷ்டமான லெவல்ல முடிச்சா கப்பல் ஏதோ ஒரு கிரகத்துப் பக்கம் போறதைக் காட்டறாங்களே, அப்ப தொடரும்னுதானே அர்த்தம்னு. நான் லெஜண்டரிலயும் முடிச்சிருக்கேன், பாத்திருக்கேன். அவர் சொன்னது "தேவைப்பட்டா". யாருக்குத் தேவைப்பட்டுது? கதைக்கா? அதைப் பண்ணின பன்ஜி ஸ்டூடியோகாரங்களே ஹேலோ ரீச் பண்ணிட்டு, அதுவும் முதல் பாகத்துக்கு முந்தின கதை, 2010-ல இந்தத் தொடரை விட்டுட்டுக் கிளம்பிட்டாங்க. கதைய ஆரம்பிச்சவங்களுக்கே தேவைப்படல. தேவைப்பட்டது கணக்குப் புத்தகத்துக்கு.

2012-ல புது ஸ்டூடியோ ஹேலோ 4-ஐக் கொண்டுவந்து எழுப்பினாங்க. நியாயமாச் சொல்லணும்னா அதுல சீஃபோட கூடவே வர்ற கம்ப்யூட்டர் துணை கோர்ட்டானா போற இடம் என்னை அழ வச்சுது. சரி, எழுப்பினீங்க, ஒரு சாவைக் கொடுத்தீங்க, மதிப்பாக் கொடுத்தீங்க, அதோடயாவது விடுங்க. விட்டாங்களா? 2015-ல ஹேலோ 5, செத்தவ திரும்பி வந்துட்டா, அதுவும் வில்லியா. 2021-ல ஹேலோ இன்ஃபினிட், கதை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மறுபடி செத்துட்டா. நான் எதுக்கு அழுதேன் அப்ப? ஒரு சாவை எழுதி, அழிச்சு, திரும்ப எழுதினா, அடுத்த தடவை நீங்க யாரைக் கொன்னாலும் எனக்கு வலிக்காது. பழசு மேல வச்சிருந்த நம்பிக்கையும் சேந்து போயிடும். முடிஞ்சதை எழுப்பறதுல உள்ள கெடுதலே இதுதான், புதுசு மோசமா இருக்குங்கறது சின்ன விஷயம்.

2015 தீபாவளி நவம்பர் 10. ஹேலோ 5 வந்து ரெண்டு வாரம்தான் ஆகியிருந்துது. அண்ணன் ஆஸ்திரேலியாவுல பெர்த்துக்குக் குடிபோய் ஒரு வருஷத்துக்கப்புறம் முதல் தடவையா வீட்டுக்கு வர்றார். நான் புது கேம் பெட்டி, புது டிஸ்க், ரெண்டாவது கன்ட்ரோலர் எல்லாம் வாங்கி, சார்ஜ் போட்டு, சோபாமேல எடுத்து வச்சிருந்தேன். எண்ணெய் தேச்சுக் குளிச்சு, பசியாறிட்டு உக்காந்தோம். மெனுல தேடறேன், தேடறேன், ரெண்டு பேர் ஆடற ஆப்ஷனே இல்ல. அந்தப் பாகத்துல திரையைப் பிரிச்சு ஆடறதையே எடுத்துட்டாங்க. நான் அதைப் படிக்காம வாங்கினது என் தப்புன்னு சொல்லுங்க, ஏத்துக்கறேன். அண்ணன் "பரவால்லம்மா, நீ ஆடு, நான் பாக்கறேன்"னு சொன்னார். முறுக்கு தின்னுக்கிட்டே பக்கத்துல உக்காந்து பாத்தார். ரெண்டாவது கன்ட்ரோலர் அவர் மடில இருந்துது, சும்மா பிடிச்சுக்கிட்டே இருந்தார். இனிமே வர்ற பாகத்துல கண்டிப்பா உண்டுன்னு 2017-ல சொன்னாங்க. 2022 செப்டம்பர்ல இன்ஃபினிட் கதைக்கு அது கிடையாதுன்னுட்டாங்க. கதையை எழுப்பத் தெரிஞ்சுது, அந்தக் கதைய ஆடின சோபாவை எழுப்பத் தெரியல.

முடிஞ்ச கதையை எழுப்பி ஜெயிச்ச கேமுக்கு காட் ஆஃப் வார்னு சொல்லுவீங்க. எதிர்பாத்ததுதான். 2010-ல அதோட நாயகன் கிரேட்டோஸ் கதை முடிஞ்சுது, 2018-ல திரும்ப வந்து எல்லாரும் கொண்டாடினாங்க, நானும் கொண்டாடினேன். ஆனா அதை இயக்கின கோரி பார்லாக் ஏற்கனவே ரெண்டாம் பாகத்தை இயக்கினவர், வெளியிலேருந்து வந்து பேரை மட்டும் தூக்கிக்கிட்டுப் போனவர் இல்ல. பழைய முடிவை இல்லேன்னு சொல்லாம, அந்தப் பாவத்தை அவன் தோள்லயே ஏத்தி, கூட ஒரு பையனையும் கொடுத்து நடக்க விட்டார். அது ஒண்ணு அமைஞ்சுது. ஒண்ணு அமைஞ்சதுக்காக ஒன்பது பேர் செய்யறதுக்கு நான் கை தட்ட முடியாது.

குரூப்ல தமிழ் படிச்ச ஒரு அண்ணன் இருக்கார், அவர் மட்டும்தான் சிரிக்காம ஒழுங்கா ஒரு கேள்வி கேட்டார். மதுரை எரிஞ்சதோட சிலப்பதிகாரம் முடியலையே, வஞ்சிக் காண்டம் இருக்கே, அதுக்கு மேல மணிமேகலை இருக்கேன்னு. நல்ல கேள்வி, ராத்திரி பூரா யோசிச்சேன். வஞ்சிக் காண்டம் நடந்ததை மாத்தல, நடந்ததுக்கு ஊர் என்ன மரியாதை செஞ்சுதுன்னு சொல்லுது, கல் எடுத்துக் கோயில் கட்டறாங்க. எனக்கு அந்த மலைமேல 117-ன்னு கீறினதுதான் ஞாபகம் வந்துது. மணிமேகலையை எழுதினவர் வேற ஆள், சாத்தனார். அவர் மகளைப் பத்தி எழுதினார். கோவலனை எழுப்பிக் கூட்டிக்கிட்டு வரல. கண்ணகியை வில்லியாக்கல. நம்ம ஆளுங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு அண்ணே, எதைத் தொடரலாம், எதைத் தொடக்கூடாதுன்னு.

தொடரை நிறுத்தினா அதைப் பண்றவங்க வேலை போயிடும்னு ஒருத்தர். நம்ம ஊர்லயே ஒன் நார்த்ல யூபிசாஃப்ட் ஸ்டூடியோ இருக்கு, அசாசின்ஸ் கிரீட்ல கடலும் கப்பலும் வந்துதே, அந்தக் கடல்ல நம்ம சிங்கப்பூர் டீமோட கை இருக்கு, பிளாக் ஃபிளாக் ஆடறப்போ எனக்கு அவ்வளவு பெருமை. 2012-ல அதோட நிகழ்கால நாயகன் டெஸ்மண்ட் கதை முடிஞ்சப்புறமும் தொடர் ஓடுது, வேற காலம், வேற ஆள்னு போறாங்க. நான் சொல்றதும் அதைத்தானே? வேலை செய்யறவங்களுக்குப் புதுசா ஒரு உலகம் கட்டத் தெரியாதுன்னு நினைக்கறது நீங்க, நான் இல்ல.

முதல் ஹேலோவைப் புதுசாப் பண்றோம்னு 2025 அக்டோபர்ல அறிவிச்சாங்களே, ரெண்டு பேர் ஒரே டிவில ஆடலாம்னும் சொன்னாங்களே, அதை என்ன சொல்றேன்னா, அது பழைய கதையைத் திரும்பச் சொல்றது. பாட்டி சொன்ன கதையை நாம பிள்ளைங்களுக்குச் சொல்றோம்ல. அதுல எனக்குச் சண்டை இல்ல.

ஆனா உண்மையைச் சொன்னா எனக்கு வலிச்சது இதெல்லாம் இல்ல. "கேம்தானே." அந்த ஒரு வார்த்தை. 2007 நவம்பர்ல இதே சிங்கப்பூர்ல மாஸ் எஃபெக்ட்ங்கற கேமை ஒரே ஒரு காட்சிக்காகத் தடை பண்ணாங்க, அப்புறம் பதினெட்டு வயசுக்கு மேலன்னு எம்18 முத்திரை போட்டு விட்டாங்க, பேப்பர்ல எல்லாம் வந்துது. வெறும் கேம்தான்னா அதுக்கு எதுக்குத் தடை? மனுஷனை என்னமோ செய்யுதுன்னு தெரிஞ்சுதானே? தடை போடறப்போ பெரிய விஷயம், ஒரு பொண்ணு அதுக்காக வருத்தப்பட்டா மட்டும் கேம்தானே. படம் பாத்து அழுதா ரசனைங்கறாங்க, கதை படிச்சு அழுதா இலக்கியங்கறாங்க, பத்து மணிநேரம் என் கையால ஓட்டி, விழுந்து, எழுந்து, அண்ணனோட சேந்து முடிச்ச கதைக்கு நான் அழக்கூடாதா?

தம்பி, உனக்கு இருபது வயசு இருக்கும், கோவமா எழுதல. உனக்கும் ஒரு கதை முடிஞ்சிருக்கும், இல்ல இனிமே முடியும். என்னைப் பாத்துச் சிரிச்சதை நான் விட்டுடறேன். ஆனா என் வரிக்குக் கீழ "சரியாச் சொன்னே"ன்னு எழுதினவரை "இன்னொரு அங்கிள் அழறார்"னு போட்டியே, அவர்தான் என் அண்ணன். பெர்த்துக்கும் நமக்கும் ஒரே நேரம்தான், ராத்திரி பன்னண்டு மணிக்கு வேலை முடிஞ்சு வந்து அதைப் படிச்சிருக்கார். காலைல எனக்கு போன் பண்ணி அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல, அம்மாவுக்கு மாத்திரை வாங்கியாச்சான்னு மட்டும் கேட்டார். அந்த ஒரு கமெண்ட்டை மட்டும் எடுத்துடு.