பிரதராம் பிரதர்!

ஒரு வாரமா ராத்தூக்கம் போச்சு. சீன நாவலாசிரியர் ஜின் யோங் 1957-ல் ஹாங்காங் நாளிதழில் தொடராக எழுத ஆரம்பித்த கழுகு வீரர் கதை இருக்கிறதே, அதை 2017-ல் 52 எபிசோடு சீரியலாக மறுபடி எடுத்தார்கள். அதைத்தான் பார்க்கிறேன். கதைமேல் ஒரு குறையும் இல்லை. என் வயிற்றெரிச்சல் எல்லாம் சப்டைட்டில்மேல்.

கதாநாயகி ஹுவாங் ரோங் வாய்க்கு வாய் நாயகன் குவோ ஜிங்கை ‘அண்ணா’ என்று சீனத்தில் கொஞ்சுகிறாள். காதலனை அப்படிக் கூப்பிடுவது அங்கே வழக்கம். நம்ம ‘மாமா’ மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். கீழே சப்டைட்டிலோ விறைப்பாக ‘பிரதர்’ என்கிறது. கண்ணோடு கண் பார்த்துக் கைகோத்து நிற்கிறார்கள். பிரதர்! அந்த நேரம் பார்த்து அம்மா எட்டிப் படித்துவிட்டு, "ஏண்டி, அண்ணன் தங்கச்சியா இதுக?" என்றாள். நான் என்னத்தச் சொல்ல?

சண்டை வந்தால் இன்னும் மோசம். டிராகனை அடக்கும் 18 உள்ளங்கை அடி, ஒவ்வொன்றுக்கும் தனிப் பேர். பேரைப் படித்து முடிப்பதற்குள் எதிராளி சுவரில் போய் விழுந்துவிடுகிறான். பின்னாடி ஓட்டினால் விளம்பரம் முதலிலிருந்து வருகிறது.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். விதவிதமாகச் சமைத்துப் போட்டே சண்டை வாத்தியார் ஹோங் சிகோங்கை மடக்கி அந்த 18 அடி வித்தையைக் காதலனுக்குக் கற்றுக்கொடுக்க வைக்கிறாள் இல்லையா, அங்கே அவள் பதார்த்தத்தின் பேரை ரசித்து ரசித்துச் சொல்கிறாள். கீழே வருவது வெறும் ‘டிஷ்’. கிழவர் மயங்கினதே அந்தச் சாப்பாட்டுக்குத்தானே ஐயா!