சீமெந்து பக்டரியும் எங்கட கிணத்துத் தண்ணியும்

யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை சீமெந்து பக்டரியைத் திரும்பத் திறக்கோணும் எண்டு மாசத்துக்கு ஒருக்கா ஆராவது எழுதினமாதிரித்தான் கிடக்கு, கீழ சனம் லைக்கை அள்ளிப் போடுது. வேலை வேணும், அது எனக்கும் விளங்குது. ஜீ.ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சரா இருக்கேக்க வந்த பக்டரி, 1950ல சீமெந்து வரத் தொடங்கி 1990ல சண்டையோட நிண்டது, இடையில எத்தினை வீட்டில அதாலதான் அடுப்பெரிஞ்சது.

ஆனா கல்லைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறேல்லை. களியை மன்னார்ப் பக்கத்து முருங்கன்ல இருந்து கொண்டு வந்தவை, சுண்ணாம்புக் கல்லை மட்டும் எங்கட காலடியிலயே வெடி வச்சு எடுத்தவை. அந்தக் கிடங்குகள் இண்டைக்கும் வாயைத் திறந்துகொண்டு கிடக்கு. ஓரத்தில உடைஞ்ச கல்லொண்டை எடுத்துப் பாருங்கோ, சிப்பி பதிஞ்ச அச்சுத் தெரியும், தண்ணி அரிச்ச ஓட்டையளும் தெரியும். மயோசீன் காலத்துக் கல்லு, அதாவது 2 கோடி 30 லட்சம் வருசத்துக்கும் 53 லட்சம் வருசத்துக்கும் இடையில கடலடியில படிஞ்சது.

ஆறில்லாத ஊர் எங்கட (வழுக்கையாறு மாரிக்கு மட்டும் ஓடுறது, அதைக் கணக்கில எடுக்காதேங்கோ). மழைத்தண்ணி இந்த ஓட்டையளுக்கால இறங்கி, கீழ நிக்கிற உப்புத்தண்ணிக்கு மேல மிதக்குது, அதைத்தான் நாங்கள் கிணத்தில அள்ளுறம். கடல் மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி 1 அடி நிண்டா கீழ ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல தண்ணி இருக்கும் எண்டது நிலத்தடி நீர்க் கணக்கு. மேல 1 அடி இறங்கினா கீழயிருந்து 40 அடி உப்பு ஏறும், கரையோரத்தில கல்லை வெட்டி எடுத்தா என்ன நடக்கும் எண்டு நீங்களே யோசியுங்கோ.

இங்கிலாந்தில கோர்ன்வால் கரையில லெவன்ற் எண்டொரு செம்பு, வெள்ளீயச் சுரங்கம் இருந்தது. அங்க கருங்கல்லு, ஏறத்தாழ 28 கோடி வருசத்துக்கு முன்னம் குழம்பாக் கிளம்பி ஆறினது, அந்த வெடிப்புகளுக்கால கொதிதண்ணி ஓடித்தான் உலோகம் படிஞ்சது. கடலுக்கடியில ஒரு மைல் அளவுக்குத் தோண்டிக்கொண்டு போனவை, 1919ல ஆக்களை ஏத்தி இறக்கிற மெசின் அறுந்து 31 பேர் செத்தவை, 1930ல மூடியாச்சு. பிறகு கைவிட்ட சுரங்கத்துக்குள்ள கடல் பூந்திட்டுது, பக்கத்துக் கீவர் சுரங்கக்காரர் 1960களில அந்த ஓட்டையை அடைச்சவை. அது இறுகின பாறை, அடைக்கேலும். எங்கட கல்லில எந்த ஓட்டையைப் போய் அடைக்கிறது?

கீவரும் 1990லதான் நிண்டது, எங்கட பக்டரி நிண்ட அதே வருசம். இப்ப அது மியூசியம், 2006ல அந்தச் சுரங்கப் பகுதியளை யுனெஸ்கோ உலக மரபுரிமையாக்கினது. எங்கட கிடங்குக்கு ஒரு போர்ட் கூட இல்லை.

பக்டரி வேணுமெண்டா துறைமுகம் பக்கத்திலதானே கிடக்கு, கிளிங்கரை (சூளையில சுட்டெடுத்த, இன்னும் அரைக்காத சீமெந்துக் கட்டி) கப்பல்ல இறக்கி அரையுங்கோ, ஒரு காலத்தில எங்கட கிளிங்கர் தெற்கில காலி நகரத்துக்குப் போய் அங்க அரைபட்டதுதானே. கிடங்குக்கு வேலி அடிச்சு, பள்ளிக்கூடப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டுபோய் அந்தச் சிப்பி அச்சைக் காட்டுங்கோ. புதுசா வெட்ட மட்டும் விடாதேங்கோ.